ஐந்து மதிப்பெண் ஏணி

முதல் கேள்விக்கு ஆ. இரண்டாவதற்கு இ. மூன்றாவது முறைக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெனிட்டா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், தெரிஞ்சத முதல்ல எழுதும்மா, தெரியாததுக்கு ஒரு புள்ளி வச்சிட்டுத் தாண்டிப் போயிரு, தாண்டினத நெனச்சுக்கிட்டே அடுத்ததக் கெடுக்காத என்று. பதினான்கு வயதுப் பெண் முப்பத்தெட்டு வயது அம்மாவுக்குச் சொல்லும் புத்தி. நான் பெற்றவள்தான், ஆனால் கணக்கு என்று உட்கார்ந்துவிட்டால் எனக்கு மாமியார் இல்லாத குறையைத் தீர்த்துவைத்துவிடுவாள். நான்காவது அ. ஐந்தாவது அதுவும் அ. அடுத்தடுத்து இரண்டு அ வருமா? வரக்கூடாது என்று சட்டமா? பேனா வழுக்குகிறது. உள்ளங்கை வேர்வையைச் சேலை மடிப்பில் துடைக்கிறேன். சேலையில் இன்னும் லேசாக ஈர வாடை அடிக்கிறது. நேற்று சாயங்காலம் துவைத்தது, காலையில் கொடியிலிருந்து உருவி அப்படியே கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முன் பெஞ்சில் தாடி வைத்த ஒருவன் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறான், கொடுத்துவைத்தவன். எனக்கு இது மூன்றாவது தடவை. முதலில் இருபத்தெட்டு, போன தடவை முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறிவிட்டேன், கணக்குதான் நந்தி மாதிரி வழியில் உட்கார்ந்திருக்கிறது. பத்தாவது தேறினால் அங்கன்வாடியில் எனக்கு டீச்சர் வேலை. தேறாவிட்டால் நான் ஆயா. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, முட்டை உரித்து, பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன், பாட்டை நான் சொல்லிக்கொடுக்க டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்கிறாள், பிள்ளைகள் அவளை டீச்சர் என்கின்றன, என்னை ஆயா என்கின்றன. இப்போது அவள் மாற்றலாகிப் போகிறாள். இந்தத் தடவை ரிசல்ட்டோட வாங்க ஜெசிந்தா, உங்க மையத்தையே ஒங்களுக்குத் தாரேன், இல்லன்னா வேற ஆள் போட்டுருவாங்க, அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது என்று மேலதிகாரியம்மா சொல்லிவிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள். நல்லவர்களாலும் அவ்வளவுதான் செய்ய முடியும்.

தந்தையின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இருவரின் வயதுகளின் கூடுதல் 66 எனில் தற்போதைய வயதுகளைக் காண்க. இது வரும், இது எனக்கு வரும். மகள் x. தெரியாதவங்க எல்லாருக்கும் x-னு பேரு வச்சிரு, தெரிஞ்சவங்கள ஒரு பக்கம் தள்ளு, தெரியாதவன ஒரு பக்கம் தள்ளு, பக்கம் மாறினா குறி மாறும், இவ்வளவுதாம்மா அல்ஜிப்ரா என்பாள் பெனிட்டா. தந்தை 3x. ஐந்து வருடம் கழித்து மகள் x + 5, தந்தை 3x + 5. கூட்டினால் 4x + 10, சமம் 66. பத்தை அந்தப் பக்கம் தள்ளினால் 56. x பதினான்கு. அடேயப்பா, என் பெண்ணின் வயது. தந்தை நாற்பத்திரண்டு. எங்கள் வீட்டில் அவள் அப்பாவுக்கு நாற்பத்து நான்கு, இரண்டு வயதுதான் தள்ளிப் போகிறது. ஐந்து வருடம் கழித்து என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார்கள், இருவர் வயதிலும் ஐந்தைக் கூட்டிவிட்டால் முடிந்தது. ஐந்து வருடமும் இரண்டு பேரும் இருப்பார்கள் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஏன் இப்படித் தோன்றுகிறது எனக்கு, நல்ல நாளும் அதுவுமாக, வாயில் அடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து மதிப்பெண், சரிபார்த்தலும் எழுது, 19, 47, கூடுதல் 66, சரி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். நான் மாடியில், ஜன்னலோரம், அந்த மட்டுக்கும் அதிர்ஷ்டம். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே புங்கமரம், மரத்தடியில் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் புத்தகம், பக்கத்தில் என் மஞ்சள் பை, பையின்மேல் போன். அம்மாவுக்குப் பரீட்சை என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், அவள் டீச்சர் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அவள் அப்பா காலையில் ஆறரைக்கே கிளம்பிவிட்டார். பெயிண்டர் வேலை, ரவுண்டு ரோட்டில் ஒரு மாடி வீடு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம், பக்கச் சுவர் இன்னும் பாக்கியிருக்கிறது, வீட்டுக்காரர் போன் மேல் போன். வாரேன் ஜெசி, பதறாத, கேள்வித்தாள ரெண்டு தரம் படி என்றார். நான் பித்தகோரஸைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். சரக்கு ஆட்டோவில் ஏணி ஏறும் சத்தம் கேட்டது.

அடுத்த கேள்வி. 25 அடி நீளமுள்ள ஓர் ஏணி செங்குத்தான சுவரில் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. ஏணியின் அடிப்பகுதி சுவரிலிருந்து 7 அடி தொலைவில் உள்ளது. ஏணியின் உச்சி 4 அடி கீழே சறுக்கினால், அடிப்பகுதி மேலும் எவ்வளவு தொலைவு நகரும்? எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது, பெயிண்டர் பெண்டாட்டிக்கு ஏணிக் கணக்கு. ஏணிக் கணக்கு வந்தா என்னையக் கேளு என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார். அவர் கணக்கு வேறு. நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அகலம், அவ்வளவுதான் அவர் படித்த கணக்கு, காலடி வைத்து அளந்து மூங்கில் ஏணியின் அடியை நட்டு, கையால் ஒரு அழுத்து அழுத்தி, முதல் படியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஏறுவார். கையாள் மாடசாமி அண்ணன் கீழே பிடித்துக்கொள்வார். மேலே போனதும் முதல் வேலை, ஏணித் தலைப்பைக் கயிற்றால் ஜன்னல் கம்பியிலோ கைப்பிடிச் சுவர்க் கம்பியிலோ இறுக்கிக் கட்டுவது. கட்டிவிட்டால் அப்புறம் மாடசாமி அண்ணன் டீ குடிக்கப் போகலாம், ஏணி எங்கும் போகாது. அந்த நீல நைலான் கயிறு எப்போதும் மேல்படியிலேயே சுற்றிக் கிடக்கும், அவிழ்ப்பதே கிடையாது, அதனால் காலையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கிடையாது. நீலக் கயிறு. பேனா நின்றுவிட்டது. நீலக் கயிறு மேல்படியில் இல்லை. நீலக் கயிறு எங்கள் வீட்டுப் பின்வாசலில், முருங்கை மரத்துக்கும் குழாய்க்கும் நடுவில், நான் கட்டின இடத்தில் இருக்கிறது. இந்தச் சேலை அதில்தான் காய்ந்தது. விடிகாலையில் என் கையாலேயே சேலையை அதிலிருந்து உருவினேன், கயிறு துள்ளி ஆடினது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் வாய் அப்போது ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மாடசாமி அண்ணன் இன்று வேலைக்கு வரவில்லை, நத்தத்தில் தங்கச்சி வீட்டுக் கல்யாணம், இன்னைக்கி ஒத்த ஆளுதான் என்று நேற்று ராத்திரி சோறு தின்னும்போது அவர் சொன்னதும் இப்போதுதான் காதில் விழுகிறது.

மணி அடிக்கிறது. பதினொன்று. இந்நேரம் ஏறியிருப்பார். இல்லை, முதலில் கீழே பட்டி பார்ப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், அதற்கே பதினொன்று ஆகிவிடும். அப்புறம் ஏறுவார். ஏறி, மேல்படிக்குப் போய்க் கயிற்றைத் தேடுவார். கயிறு இல்லையென்றால் இறங்கிவிடுவார், அவர் என்ன சின்னப் பிள்ளையா, இருபது வருடமாக ஏறுகிறவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அது இப்போதா ஞாபகத்துக்கு வர வேண்டும். இறங்குவார், வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு கயிறு வாங்குவார். வாங்குவாரா? வீட்டுக்காரர் தலைக்குமேல் நின்றால் வாங்குவாரா? ஒரு நாளு கட்டாம ஏறினா உசிரா போயிரும் என்று அவர் வாயால் ஒருதரம் கேட்டிருக்கிறேன், மழை வரும்போல் இருந்த ஒரு நாளில். நான் சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து கத்தினால் பெனிட்டாவுக்குக் கேட்கும், கத்தினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். கையைத் தூக்கினேன். என் கைதானா அது என்று எனக்கே சந்தேகம், தானாகத் தூக்கிக்கொண்டது. கண்காணிப்பாளர் சார் கரும்பலகைப் பக்கமிருந்து செருப்பு கிறீச்சிட வருகிறார். என்ன சொல்வது? சார், வீட்டில் ஒரு கயிறு கொடியில் கிடக்கிறது, கீழே என் பெண்ணிடம் அதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றா? பரீட்சை ஹாலில் இருந்து வெளியே சேதி அனுப்புகிறாயா என்பார். ரூல் நம்பர் சொல்வார். தாடிக்காரன் விழித்துக்கொண்டு சிரிப்பான். முப்பத்தொன்று, இருபத்தெட்டு. சார் வந்துகொண்டே இருக்கிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன், அந்த நிமிடம் பார்த்து மரத்தடியில் பெனிட்டா போனை எடுத்துக் காதில் வைக்கிறாள். பேசுகிறாள். தலையை ஆட்டுகிறாள். இரண்டு வார்த்தையோ மூன்று வார்த்தையோ. போனை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்பவும் பிரிக்கிறாள். அவர்தான். கயிற்றைத்தான் கேட்டிருப்பார், வேறு எதற்கு வேலை நேரத்தில் போன் பண்ணப்போகிறார்? அவள் சொல்லியிருப்பாள், கயிறு எங்கே என்று அவளுக்குத் தெரியுமே, மறுமுனையைப் பிடித்ததே அவள்தானே. மாதாவே, நன்றி. "என்னம்மா, என்ன வேணும்?" என்று சார் குனிகிறார். "வரைபடத் தாள் சார்," என்றேன். கொடுத்துவிட்டுப் போனார். வரைபடக் கேள்வி எனக்கு வராது. கட்டம் கட்டமாகப் பச்சைத் தாள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எழுது. ஏணி 25, அடி 7, உயரம் தெரியாது, தெரியாதவனுக்கு x. 625-இலிருந்து 49-ஐக் கழித்தால் 576. அதன் வர்க்கமூலம் 24. இருபத்து நான்கு அடி உயரம், ஏழடி அகலம், அவர் பார்த்தால் கொஞ்சம் அகலம்தான், ஆனா நிக்கும் என்பார். இப்போது உச்சி நான்கடி சறுக்குகிறது. ஏன் சறுக்குகிறது என்று கேள்வியில் இல்லை. உச்சி 20-க்கு வருகிறது. 625-இலிருந்து 400 போனால் 225. வர்க்கமூலம் 15. பதினைந்திலிருந்து ஏழு போனால் எட்டு. உச்சி நான்கடி கீழே வந்தால் அடி எட்டடி ஓடிப்போகிறது, இரண்டு மடங்கு, இது எனக்குத் தெரியாது, இத்தனை வருடம் ஏணிக்காரரோடு குடித்தனம் நடத்தியும் தெரியாது. விடை 8 அடி. கட்டம் போடு. கணக்கில் ஏணியின்மேல் ஆள் இல்லை. ஆள் இருந்தால் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. போதும், அடுத்த கேள்விக்குப் போ, தாண்டினதை நினைத்து அடுத்ததைக் கெடுக்காதே. ஆனால் ஒன்று இடிக்கிறது. அவர் கயிற்றைக் கேட்டிருந்தால், இவள் இருக்கும் இடத்தைச் சொல்லியிருந்தால், இவளையே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பாரே? வீடு பத்து நிமிட நடை, ரயில்வே கேட்டைத் தாண்டினால் வீடு. இவள் எழுந்திருக்கவே இல்லையே. அப்படியானால் அவரே வண்டியில் போய் எடுத்துக்கொள்கிறேன் என்றிருப்பார். ஆமாம், அப்படித்தான் இருக்கும். அல்லது போன் அவரே இல்லை, ரீசார்ஜ் பண்ணச் சொல்லும் கம்பெனிக்காரியாக இருக்கும். பெனிட்டா அவர்களிடமும் தலையை ஆட்டுவாள். தேற்றத்துக்கு எழுதுவதுபோல் எழுதிப் பார்க்கிறேன் மனசுக்குள். தரப்பட்டவை: அவர் கயிறு கட்டாமல் வேலை செய்வதில்லை. நிரூபிக்க வேண்டியவை: அவருக்கு ஒன்றும் ஆகாது. நிரூபணம்: கயிறு இல்லை, ஆகவே கட்ட முடியாது, ஆகவே ஏறமாட்டார். ஆனால் கயிறு இல்லை என்பது தெரிவதற்கே அவர் மேல்படி வரைக்கும் ஏற வேண்டுமே. முதல் ஏற்றம் எப்போதும் கட்டாத ஏற்றம்தான், அதற்குத்தான் கீழே பிடிக்க ஆள். கீழே ஆள் இல்லை. நிரூபணம் முதல் வரியிலேயே உடைகிறது. இன்னொரு தரம் கையைத் தூக்கலாம். தூக்கு ஜெசிந்தா. கை மேசையில் கிடக்கிறது, உப்பிட்ட மீன் மாதிரி. இப்போதுதானே தாள் வாங்கினாய், அதற்குள் இன்னொன்றா என்பார். பதினொன்றரை மணி அடித்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அடிக்கும் முன் திரும்பிப் பார்த்தேன், பெனிட்டா எழுந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கை தலையில் இருந்தது. அப்புறம் ஓடினாள். மஞ்சள் பையை விட்டுவிட்டு ஓடினாள். சரி, கயிறு எடுக்கத்தான் ஓடுகிறாள், இப்போதுதான் அவர் கேட்டிருக்கிறார், எல்லாம் சரியாகிவிட்டது என்று நெஞ்சு ஒரு மூச்சு விட்டது. ரயில்வே கேட் இடது பக்கம். அவள் வலது பக்கம் ஓடினாள்.

வலது பக்கம் என்ன இருக்கிறது? ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பேக்கரி இருக்கிறது. பெரியாஸ்பத்திரி போகும் பஸ்சும் அங்கேதான் நிற்கும். இல்லை, ஜெராக்ஸ் கடைக்குத்தான் போயிருப்பாள், பாத்ரூம் போயிருப்பாள், பொம்பளைப் பிள்ளை எவ்வளவு நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். பாத்ரூமுக்கு யாராவது தலையில் கைவைத்துக்கொண்டு போவார்களா? நான் எழுந்துவிடப் போகிறேன். எழுந்து, சார் எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் விட்டுவிடுவார்கள், பொய்கூட இல்லை அது. பெஞ்சில் கையை ஊன்றினேன். ஊன்றினபடியே மதிப்பெண்ணைக் கூட்டினேன், கூட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் நிச்சயமாக எட்டு. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து சரி, பத்து. வயசுக் கணக்கு ஐந்து, ஏணி ஐந்து. இருபத்தெட்டு. மறுபடியும் அதே இருபத்தெட்டு. எட்டு மதிப்பெண் வடிவியல் இருக்கிறது, அதை மட்டும் போட்டுவிட்டால் முப்பத்தாறு. 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக. வட்டத்தின் மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வட்டத்திற்குத் தொடுகோடுகள் வரைக. நேற்று போட்டது. நேற்று சாயங்காலம் தாளில் கவராயம் வழுக்கி வழுக்கி வட்டம் முட்டை மாதிரி வந்துகொண்டிருந்தது, நான் நோட்டைத் தூக்கி எறிந்தேன், பெனிட்டா அதை எடுத்து வைத்துவிட்டு, காகிதத்துல வரலன்னா தரையில போடுவோம் வாம்மா என்று பின்வாசல் சிமெண்டுத் தரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கயிறு வேண்டும் என்றாள். நேற்று அவருக்கு உள்சுவர் வேலை, ஏணி சந்துச் சுவர் ஆணிகளில் படுக்கைவாக்கில் தொங்கியது. நான்தான் முக்காலியில் ஏறி மேல்படியிலிருந்து அவிழ்த்தேன். அப்பா திட்டுவாரும்மா என்றாள், காலைல எந்திரிச்சதும் கட்டிரலாம்டி என்றேன். நான் சொன்னேன். அவள் குதிகாலால் கயிற்றின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு நின்றாள், மறுமுனையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு நான் அவளைச் சுற்றி வந்தேன், ஒரே இழுப்பில் வட்டம் முட்டிக்கொண்டது. நான் கை தட்டிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு என் உடம்புக்குப் புரிந்தது. அப்புறம் பரீட்சைச் சேலையைத் துவைத்தேன், கொடியில் இடமில்லை, கையில் கயிறு இருந்தது. அவர் வேலை முடிந்து வந்து, கால் கழுவப் பின்வாசலுக்கு வந்தவர், வட்டத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார். "இதென்ன பின்னாடி இம்புட்டுப் பெரிய கோலம்?" என்றார். "கோலமில்ல, வட்டம்," என்றேன். "வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சு," என்றேன். கயிற்றின்மேல் என் சேலை விரிந்து கிடந்தது, அவர் கண்ணில் கயிறு படவில்லை.

கையை பெஞ்சிலிருந்து எடுத்துக் கவராயத்தைப் பிடித்தேன். பதினைந்து நிமிடம்தான், போட்டுவிட்டு எழுந்துவிடலாம், இந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆவது ஏற்கெனவே ஆகியிருக்கும், ஆகாதது ஆகாது. நான் எவ்வளவு கல்நெஞ்சக்காரி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மையம் O. ஆரம் மூன்று. வட்டம் ஒரே சுற்றில் முட்டிக்கொண்டது, கை நடுங்கவே இல்லை, நடுங்கியிருக்கலாம். P, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி. O-வையும் P-யையும் சேர். அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு, மேலே ஒரு வில், கீழே ஒரு வில், நடுப்புள்ளி M. M-இலிருந்து இன்னொரு வட்டம். அது முதல் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும், A, B. P-யிலிருந்து A-க்கு ஒரு கோடு. அளவு நான்கு. சரி. ஜன்னலைப் பார்த்தேன், மரத்தடி காலி, பையை ஒரு ஆடு முகர்ந்துகொண்டிருந்தது. P-யிலிருந்து B-க்கு. ஸ்கேலை வைத்தேன், கோட்டை இழுத்தேன். நான்கு. வட்டத்தை ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு, சாய்ந்து நின்றது. ஏணியும் சுவரை அப்படித்தானே தொடும், மேலே ஒரே இடத்தில். உதவிப்படம் போட்டேன். வரைமுறையை ஐந்து வரியில் எழுதினேன். சரிபார்த்தல், 25-இல் 9 போனால் 16, வர்க்கமூலம் 4. முப்பத்தாறு. எழுந்துகொண்டேன். "சார், நான் போகணும்." "இன்னும் முக்கா மணி நேரம் இருக்கும்மா, மணி அடிக்காம யாரையும் விடக் கூடாது, உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன். அதற்கும் சந்தோஷப்பட்ட ஒரு மூலை எனக்குள் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சார் விடவில்லை, நான் என்ன செய்ய. பச்சைத் தாளின் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்தில் விட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து. ஒன்றரைக்குப் பெனிட்டா அப்பா சாப்பாட்டுக்கு வருவார், காலையில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டு வந்தேன், கயிற்றைக் கொடியில் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். குதிக்கட்டும். குதித்தால் போதும். ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் நிமிர்ந்து பார்த்தேன், பெனிட்டா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. என் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்ற நாளென்றால் பல்லைக் காட்டிக் கையை ஆட்டியிருப்பாள். தோள்பட்டையில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. நேற்றைய சாக்பீஸ் என்று நினைத்துக்கொண்டேன், காலையில் உடுத்தின சுடிதாரில் நேற்றைய சாக்பீஸ் எப்படி வரும் என்று கேட்காமல் இருக்கப் பார்த்தேன்.

மணி அடித்தது. தாளைக் கட்டிக் கொடுத்தேன், படியில் இறங்கினேன், மைதானத்தில் ஓட நினைத்தேன், கால் நடந்தது. கேட்டைத் தாண்டினேன். பக்கத்தில் பார்த்தால் அது சாக்பீஸ் இல்லை, பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர், ஐந்து விரலும் தெரிகிற மாதிரி அவள் தோளில் பதிந்திருக்கிறது, பெரிய கை. "அம்மா, பயப்படாத," என்கிறாள். "காலுதான். எடது காலு. ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்காம், இடுப்புலயும் அடி. பேசுறாரு, நல்லாப் பேசுறாரு. சித்தப்பா கூட இருக்காரு." எப்போது என்கிறேன். "பன்னெண்டுக்குக் கொஞ்சம் முன்னாடிம்மா. ஏணி அடி வாரிக்கிட்டு ஓடிருச்சாம், வீட்டுக்காரருதான் போன் பண்ணாரு. அப்பா ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, பரீட்ச முடியட்டும்னுட்டாரு. கேட்டுல போயி நில்லு, ஒங்கம்மா மேலருந்து பாப்பா, ஒன்னயக் காணலன்னா எழுதாம எந்திரிச்சு வந்துருவான்னு என்னைய வெரட்டி அனுப்பிச்சிட்டாரு." எழுதாமல் எழுந்து வந்துவிடுவேனாம். அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பெனிட்டா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மா, பதினோரு மணிக்கே அப்பா போன் பண்ணாரும்மா. கயிறு எங்கன்னு கேட்டாரு. நான்," என்று நிறுத்தி, "நான் தெரியலப்பான்னுட்டேன். சொன்னா ஒன்னய வைவாரு, பரீட்சையும் அதுவுமா வீட்டுல சண்ட வரும்னு சொல்லல. சரி, ரோட்டுல எங்கயாச்சும் விழுந்திருக்கும், பாத்துக்கிறேன்னாரு. நான்தாம்மா சொல்லல," என்று அழுகிறாள். என் முகத்தையே பார்த்து அழுகிறாள். நானும் பதினோரு மணிக்குத் தெரிந்துகொண்டேன், நானும் கையைத் தூக்கினேன், வரைபடத் தாள் வாங்கினேன், இதை இப்போது சொல்ல வேண்டும், இந்தப் பிள்ளை தலையிலிருந்து பாதியையாவது இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக அவளை இழுத்து அணைத்துக்கொள்கிறேன், பிரைமர் என் சேலையில் ஒட்டுகிறது. கண்ணைத் துடைத்துவிட்டு, மறந்துபோன சாமானை ஞாபகப்படுத்துகிறவள்போல் அவள் சொல்கிறாள், "அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா. ஸ்ட்ரெச்சர்ல தூக்கும்போது கேட்டாரு. அந்த வட்டம் வந்துச்சான்னு."

"வந்துச்சு," என்கிறேன். "ரெண்டு பக்கமும் சரியா வந்துச்சு."